சின்ன கேபினட்டுக்கு எஸ்எம்பிஎஸ் வாங்குவது எப்படி? அளப்பதில் தொடங்கி ஆன் செய்வது வரை

பெரிய கம்ப்யூட்டர் கேபினட்டில், பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைசியாக வாங்கினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. சின்ன கேபினட்டில் அந்தக் கதை நடக்காது. போர்டு, பிராசசர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வாங்கி முடித்து, மிச்சக் காசுக்கு ஒரு எஸ்எம்பிஎஸ் என்று போகிறவர்கள்தான் பையோடு என்னிடம் வந்து நிற்கிறார்கள். வேளச்சேரியில் இருந்து வந்த தம்பி ஒருவரின் பையில் 550 வாட் எஸ்எம்பிஎஸ் இருந்தது. நல்ல பொருள்தான். ஆனால் அதன் உயரம் 86 மி.மீ., கேபினட்டில் அதற்கு விட்டிருந்த பொந்தோ 64 மி.மீ. சீலை உடைத்துவிட்டதால் கடையில் திரும்ப எடுக்கவும் இல்லை.

மினி ஐடிஎக்ஸ் என்ற குட்டி மதர்போர்டையோ சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட்டையோ வைத்து, மேசை ஓரத்தில் அடங்குகிற மாதிரி ஒரு டெஸ்க்டாப் கட்ட நினைப்பவர்களுக்கு இது. எதை முதலில் முடிவு செய்வது, எதைப் பிறகு என்ற வரிசையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் படியுங்கள். எல்லோரும் முதலில் கேட்கும் வாட், இங்கே நாலாவதாகத்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேபினட்டின் மேனுவல் வேண்டும். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் நாலு வரி போதாது. தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேல், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் முழு மாடல் பெயர், வீட்டில் இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருந்தால் அதன் மாடல், ஒரு பேப்பர், பேனா. இவ்வளவுதான். மாடல் பெயரைப் பாதியில் விடாதீர்கள். "ஐ7" என்று மட்டும் சொன்னால் எந்தக் கணக்கும் போட முடியாது.

1. கேபினட்டை முதலில் முடிவு செய்யுங்கள்

சின்ன கேபினட்டில் எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு, பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் மூன்றும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். ஒன்று 3 செ.மீ. நீண்டால் இன்னொன்று அந்த 3 செ.மீ. சுருங்க வேண்டும். அந்த எல்லைகளைப் போடுவது கேபினட்தான். அது முடிவாகும் வரை வேறு எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

மேனுவலில் மூன்று எண்களைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வகை எஸ்எம்பிஎஸ் உட்காரும், கார்டின் அதிகபட்ச நீளம், கூலரின் அதிகபட்ச உயரம். அந்த எண்களின் அடியில் பொடி எழுத்தில் ஏதாவது நிபந்தனை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீளமான எஸ்எம்பிஎஸ் போட்டால் கார்டின் நீளம் குறையும் என்பது போன்ற சங்கதிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சில கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ் கூடவே வரும். இன்வின் சோப்பின் அந்த ரகம். அப்படி வாங்கினால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் பின்னாளில் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்ற ஆசையையும் அப்போதே விட்டுவிட வேண்டும்.

2. பொந்தின் அளவுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்

அகலம், உயரம், ஆழம் என்ற வரிசையில் அளவுகள் இவை. வழக்கமான ஏடிஎக்ஸ் 150 × 86 மி.மீ., ஆழம் 140-இல் தொடங்கி 180 வரை போகும். எஸ்எஃப்எக்ஸ் 125 × 63.5 × 100 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ்-எல் அதே அகலம், அதே உயரம், ஆழம் மட்டும் 130 மி.மீ. ஒல்லியான டிஎஃப்எக்ஸ் 85 × 65 × 175 மி.மீ. ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் 81.5 × 40.5 × 150 மி.மீ.

உங்கள் கேபினட்டில் ஏடிஎக்ஸ் உட்காரும் என்றால் ஏடிஎக்ஸே வாங்குங்கள். அதே வாட்டுக்கு விலை குறைவு, விசிறி பெரியது, சத்தம் கம்மி, கெட்டுப்போனால் அன்றைக்கே மாற்று கிடைக்கும். "சின்னதா இருந்தா அழகா இருக்கும்" என்பதற்காக எஸ்எஃப்எக்ஸ் வாங்கி, தகட்டு பிராக்கெட் போட்டு ஏடிஎக்ஸ் பொந்தில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் எஸ்எஃப்எக்ஸின் குட்டையான கேபிள் போர்டு வரைக்கும் எட்டாது.

எஸ்எஃப்எக்ஸா, எஸ்எஃப்எக்ஸ்-எல்லா? எல் வகையில் 120 மி.மீ. விசிறி வரும், எஸ்எஃப்எக்ஸில் பெரும்பாலும் 92 மி.மீ., மலிவானவற்றில் 80 மி.மீ. விசிறி பெரிதானால் சுற்று குறையும், சத்தமும் குறையும். ஆனாலும் இரண்டும் உட்காரும் கேபினட்டில் நான் 100 மி.மீ. எஸ்எஃப்எக்ஸைத்தான் எடுப்பேன். காரணம் அடுத்த படியில்.

ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸில் 40 மி.மீ. விசிறி, சுமை ஏறினால் கொசு காதுக்குள் போன மாதிரி கத்தும். வேறு வழியே இல்லாத கேபினட்டுக்கு மட்டும் அது.

ஆபீஸ்களில் கழித்துவிட்ட ஸ்லிம் டெஸ்க்டாப்பை வாங்கி, அதற்கு எஸ்எம்பிஎஸ் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் பெரும்பாலானவற்றில் வடிவமும் கனெக்டரும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. திறந்து பார்க்காமல் எஸ்எஃப்எக்ஸ் ஆர்டர் போடாதீர்கள்.

3. கேபிளுக்கும் இடம் விடுங்கள்

ஆழம் 100 மி.மீ. என்றால் 100 மி.மீ. இடம் போதும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு. மாடுலர், அதாவது கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ்ஸில் முதுகுப்பக்கம் கேபிள் செருகுவார்கள். அந்த கனெக்டரும், கேபிள் வளைந்து திரும்பும் இடமும் சேர்ந்தால் இன்னும் 30 மி.மீ. முதல் 40 மி.மீ. போய்விடும். 130 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ்-எல் நிஜத்தில் 170 மி.மீ. கேட்கும். எல் வகையின் அந்தக் கூடுதல் 30 மி.மீ. ஆழம், கேபிளைச் சுருட்டி வைக்க இருந்த ஒரே மூலையைத் தின்றுவிடும்.

ஒரு பழைய அட்டைப்பெட்டியை எஸ்எம்பிஎஸ் அளவுக்கு வெட்டி ஒட்டி, கேபினட்டுக்குள் வைத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள். 10 நிமிட வேலை, சில ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும். அட்டையை வைத்தபின் உங்கள் நாலு விரல் அதன் முதுகுப்பக்கம் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கேபிளும் நுழையாது.

சின்ன கேபினட்டுக்கு முழு மாடுலர்தான் வேண்டும். தேவையில்லாத சாட்டா, மோலெக்ஸ் கேபிளைக் கழற்றி வெளியே வைக்க முடிவதே பாதி இடத்தை மிச்சம் பிடித்த மாதிரி. கேபிள் நீளத்தையும் மேனுவலில் பாருங்கள். எஸ்எஃப்எக்ஸில் போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள் 30 செ.மீ. அளவில்தான் இருக்கும். மினி ஐடிஎக்ஸுக்கு அது கச்சிதம்.

4. இப்போது வாட் கணக்கு

வலைத்தளக் கால்குலேட்டர் எதுவும் வேண்டாம். மூன்று எண்களைக் கூட்டினால் போதும்.

முதல் எண் பிராசசர். பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட்டை நம்பாதீர்கள். அது அடிப்படை அளவு. முழு வேகத்தில் எவ்வளவு இழுக்கும் என்பதுதான் நமக்குத் தேவை. இன்டெல்லில் அதற்கு அதிகபட்ச டர்போ பவர் என்று பெயர். கோர் ஐ5 12400-க்கு அடிப்படை 65, அதிகபட்சம் 117 வாட். கோர் ஐ7 13700-க்கும் அடிப்படை அதே 65தான், ஆனால் அதிகபட்சம் 219. ஒரே "65 வாட்" முத்திரையில் இவ்வளவு தூரம். ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5 பிராசசர்களில் பெட்டியில் உள்ள எண்ணை 1.35-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட சரியாக வரும்: 65 போட்டிருந்தால் 88, 105-க்கு 142, 120-க்கு 162.

இரண்டாவது எண் கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170, ஆர்டிஎக்ஸ் 4070-க்கு 200. கடையிலேயே ஓவர்கிளாக் செய்து வரும் மாடல்கள் கொஞ்சம் கூட இழுக்கும்.

மூன்றாவது எண், மற்றதெல்லாம் சேர்த்து 60 வாட். போர்டு, ரேம், இரண்டு எஸ்எஸ்டி, மூன்று விசிறி, யுஎஸ்பியில் செருகியவை எல்லாம் இதில் அடங்கும்.

வந்த கூட்டுத்தொகையை 0.65-ஆல் வகுங்கள். ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4060 போட்டால் 88 + 115 + 60 = 263. வகுத்தால் 405. அப்படியானால் 450 வாட் போதும். கோர் ஐ7 13700, ஆர்டிஎக்ஸ் 4070 போட்டால் 219 + 200 + 60 = 479. வகுத்தால் 737, அதாவது 750 வாட்.

எதற்கு இந்த 0.65? எஸ்எம்பிஎஸ் பாதிச் சுமையை ஒட்டித்தான் திறமையாக ஓடும், விசிறியும் அடங்கி இருக்கும். அதோடு கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் தன் அளவைத் தாண்டி ஓர் இழுப்பு இழுத்து விடும். சுவரில் மாட்டும் வாட் மீட்டரில் அது தெரியாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதைப் பார்த்துப் பயந்து பட்டென்று அணைந்துவிடும். விளையாட்டின் நடுவில் மட்டும் கம்ப்யூட்டர் அணைகிறது, மற்ற நேரம் நன்றாக ஓடுகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் நோய்.

2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே. 450 வாட்டுக்கு மேற்பட்டு, கிராபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 பின் கனெக்டரோடு வருகிற எஸ்எம்பிஎஸ், தன் அளவைப் போல 2 மடங்கு இழுப்பை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது அது. பெரிய கார்டு போடுவதானால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டதையே வாங்குங்கள். 4060 மாதிரி சின்ன கார்டுக்கு இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கார்டின் விவரப் பக்கத்தில் 4060-க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ், 4070-க்கு 650 வாட் என்று பரிந்துரைத்திருப்பார்கள். யார் எந்த பிராசசரை, எவ்வளவு மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸில் போடுவார்களோ என்று தெரியாமல் போட்ட எண் அது. உங்கள் பாகங்கள் எவையென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கணக்கை நம்புங்கள்.

5. லேபிளைத் திருப்பிப் படியுங்கள்

பெட்டியின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் எண் விளம்பரம். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கட்டம்தான் ஜாதகம். அதில் +12வி என்ற பத்தியைப் பாருங்கள். பிராசசரும் கார்டும் இழுப்பது முழுக்க அதில் இருந்துதான். அங்கே போட்டிருக்கும் ஆம்ப்பை 12-ஆல் பெருக்குங்கள்.

650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 54 ஆம்ப் போட்டிருந்தால் 648 வாட். சரி, சொன்ன அளவு வருகிறது. இன்னொன்றில் முன்பக்கம் 450 வாட், உள்ளே +12வி-க்கு 18 ஆம்ப் என்று இருந்தால் 216 வாட்தான். மீதி எல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும், அதாவது இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத இடத்தில். மேலே சொன்ன 263 வாட் கணக்கையே அது தாங்காது.

கடையில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, இதுல 12 வோல்ட்ல எத்தனை ஆம்ப்?" நல்ல கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். "600 வாட் சார், எல்லாம் ஓடும்" என்று மட்டும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகருங்கள்.

6. கத்திரி வெயிலை மனதில் வையுங்கள்

மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் படி அவ்வளவாக இருக்காது. சென்னையில் இதைத் தாண்டிப் போக முடியாது.

எஸ்எம்பிஎஸ் தன் முழு வாட்டை எந்த வெப்பநிலை வரை தரும் என்று விவரப் பட்டியலில் இருக்கும். சிலவற்றில் 40 டிகிரி, நல்லவற்றில் 50 டிகிரி. மே மாதம் ஏசி இல்லாத அறையில் மத்தியானம் 35 டிகிரி சர்வ சாதாரணம். மூடிய சின்ன கேபினட்டுக்குள், கார்டின் சூட்டையும் சேர்த்தால் 45-ஐத் தாண்டுவது எளிது. 40 டிகிரி வகையை அங்கே வைத்தால் நீங்கள் வாங்கிய வாட் உங்களுக்குக் கிடைக்காது. 50 டிகிரி என்று எழுதியிருப்பதையே எடுங்கள். அதிக வெப்பப் பாதுகாப்பு, அதாவது ஓடிபி, பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை குறைந்தவற்றில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

சுவரில் இருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பாகங்களுக்குப் போகிறது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரையில் கோல்டா பிரான்ஸா என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். 115 வோல்ட்டில் பாதிச் சுமைக்கு பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் என்பது விதி. நம் 230 வோல்ட்டில் இரண்டுமே கொஞ்சம் நன்றாகவே ஓடும். 263 வாட் சுமைக்கு பிரான்ஸ் 46 வாட்டையும் கோல்டு 29 வாட்டையும் சூடாக உள்ளே விடும். 17 வாட் வித்தியாசம். தினம் 4 மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினாலும் மாதத்துக்கு 2 யூனிட்தான் மிச்சம், அதற்காக யாரும் கோல்டு வாங்க வேண்டாம். ஆனால் அந்த 17 வாட் ஷூ பெட்டி அளவு கேபினட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தால் விசிறி சத்தத்தில் தெரியும். எஸ்எஃப்எக்ஸில் கோல்டுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. பிளாட்டினத்துக்கு ஏறுவதும் அபூர்வம்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் கேபினட்டைத் திறந்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக்காற்று கனெக்டரில் பச்சை பூக்க வைத்துவிடும்.

7. இன்வெர்ட்டர், யுபிஎஸ், எர்த்

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும், மழைக்காலத்தில் சொல்லாமலே போகும். அதனால் இங்கே பல வீடுகளில் இன்வெர்ட்டர் உண்டு. புது எஸ்எம்பிஎஸ் அதோடு ஒத்துப்போகுமா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

கோல்டு வகைகள் எல்லாவற்றிலும் ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று இருக்கும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு அதற்கு ஆகவே ஆகாது. கரண்ட் போன நொடி உர்ரென்று உறுமும், இல்லையென்றால் அணைந்துவிடும். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் கவலையில்லை. உங்களுடையது எந்த வகை என்று அதன் முன்பக்கத்திலோ மேனுவலிலோ எழுதியிருக்கும்.

சைன் வேவாக இருந்தும் கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அணைந்தால், இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் யுபிஎஸ் மோடு, எக்கோ அல்லது நார்மல் மோடு என்று இரண்டு உண்டு. ஃபேனுக்கும் லைட்டுக்கும் நார்மல் மோடு போதும். அது நிதானமாக மாறும். எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் கரண்ட் இல்லாமல் 12 மில்லி நொடி அளவுக்குத்தான் மூச்சடக்கும். யுபிஎஸ் மோடில் போட்டால் அந்த அவகாசத்தை ஒட்டி மாறிவிடும். பாதிப் பேருக்குப் புது யுபிஎஸ் செலவு இந்தச் சுவிட்சோடு முடிந்துபோகும்.

தனி யுபிஎஸ் வாங்குவதானால் விஏ-வைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ என்று விற்பதில் பெரும்பாலானவை 360 வாட்தான் தரும். நம் 263 வாட் கம்ப்யூட்டர் சுவரில் இருந்து 292 வாட் இழுக்கும். மானிட்டர் 30 வாட் சேர்ந்தால் 322. விளிம்பில் நிற்கிறது. 1000 விஏ எடுங்கள்.

அப்புறம் எர்த். இதைப் படிக்காமல் யாரும் போகாதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் லீக் ஆகிறது என்று சொல்லி இரண்டு எஸ்எம்பிஎஸ் மாற்றிய ஒருவரின் வீட்டுக்குப் போனேன். பெரம்பூரில் பழைய வீடு. மூன்று பின் சாக்கெட் இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எந்த எஸ்எம்பிஎஸ்ஸிலும் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் மெல்லிய கசிவை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு கேபினட் தகட்டில் வந்து உட்காரும், மீட்டர் வைத்தால் 100 வோல்ட்டுக்கு மேல்கூட காட்டும். கரண்ட் மிகச் சிறியது, ஆனாலும் கையும் சுருக்கென்கும், யுஎஸ்பி பொருளும் அடிபடலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் அந்தக் குட்டி அடாப்டரை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.

8. கனெக்டர்களை எண்ணுங்கள்

கார்டுக்கு போர்டின் ஸ்லாட்டில் இருந்து 75 வாட், 6 பின் கனெக்டரில் 75, 8 பின்னில் 150 என்பது கணக்கு. கார்டில் எத்தனை ஓட்டை இருக்கிறதோ அத்தனை தனிக் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸோடு வர வேண்டும். ஒரே கேபிளில் இரட்டைத் தலை இருந்தால், இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு அது ஒன்றையே போட்டுச் சமாளிக்காதீர்கள். முழு இழுப்பும் ஒரே ஒயரில் போய் சூடாகும்.

16 பின் கார்டானால், அதற்கான நேரடிக் கேபிளோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸே நல்லது. கார்டோடு வரும் அடாப்டர் வால் தடிமனாக நீட்டிக்கொண்டு நிற்கும், சின்ன கேபினட்டின் பக்கக் கண்ணாடி அதை அமுக்கும். கனெக்டரில் இருந்து முதல் 35 மி.மீ. கேபிள் வளையாமல் நேராக வர வேண்டும். அந்த இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

9. வாங்கும் இடத்தில்

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிட்சி ஸ்ட்ரீட். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஏடிஎக்ஸ் கேட்டால் கையில் எடுத்துக் கொடுப்பார்கள். எஸ்எஃப்எக்ஸ் கேட்டால் பல கடைகளில் "ஆர்டர் போட்டு வரவழைக்கணும், அட்வான்ஸ் கொடுங்க" என்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் முழு மாடல் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாட் ஒன்று, வகை வேறு என்று வந்து நின்ற பொருளை நான் இரண்டு முறை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் எண். இரண்டும் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். நல்ல எஸ்எஃப்எக்ஸுக்கு 5 முதல் 10 வருடம் வாரன்டி உண்டு. அந்த வாரன்டிக்காகத்தான் பாதி விலை கொடுக்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்து நண்பர் கொண்டுவந்த பொருளுக்கு இங்கே வாரன்டி செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் வாங்கவே வேண்டாம். மற்ற எந்தப் பாகத்தையும் செகண்ட் ஹேண்டில் வாங்குவேன், இதை மாட்டேன்.

10. கேபினட்டில் போடும் முன் மேசையில் ஓட்டிப் பாருங்கள்

போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். சின்ன கேபினட்டில் எல்லாம் திணித்தபின் கோளாறு தெரிந்தால், அத்தனையையும் பிரிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இங்கே புதியவர்கள் பயப்படும் ஓர் இடம்: எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி சுற்றவில்லை. நல்ல எஸ்எஃப்எக்ஸ்களில் பலவும் சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்தியே வைக்கும். அது கோளாறு இல்லை.

24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஆன் செய்து சோதிக்கும் பழைய வித்தை வேண்டாம். அன்றைக்குப் பச்சை ஒயர் எதுவென்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு எல்லா ஒயரும் கறுப்பு. ஒரு ஓட்டை தவறினால் போச்சு.

11. பொருத்தும் வரிசை

முதலில் மாடுலர் கேபிள்களை எஸ்எம்பிஎஸ்ஸில் செருகி, கிளிக் சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். உள்ளே போட்டபின் அந்தப் பக்கம் கை போகாது. அடுத்து பிராக்கெட்டை எஸ்எம்பிஎஸ்ஸோடு ஸ்குரூ போட்டு, விசிறி காற்று ஓட்டை உள்ள பக்கம் பார்க்கும்படி கேபினட்டில் மாட்டுங்கள். சுவரைப் பார்த்தபடி மாட்டினால் சூட்டில் வேகும்.

பிராசசருக்கான 8 பின் கேபிளைப் பெரிய கூலரை மாட்டும் முன்பே செருகிவிடுங்கள். அந்த மூலைக்குப் பிறகு விரல் போகாது. இந்தக் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பாசிட்டிவும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். 4 + 4 ஆகப் பிரிவது பிராசசருக்கு, 6 + 2 ஆகப் பிரிவது கார்டுக்கு. இறுக்கமாக இருந்தால் கேபிள் மாறிப்போயிருக்கிறது என்று அர்த்தம், அழுத்தாதீர்கள்.

கார்டு எப்போதும் கடைசி.

12. எல்லாம் மூடினபின் ஆன் ஆகவில்லையா?

கூலர் மாஸ்டர் என்ஆர்200 மாதிரி கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ் உள்ளே முன்பக்கம் உட்கார்ந்திருக்கும். பின்பக்கத்தில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் அதற்குப் போகும். எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த சுவிட்சும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேசையில் சோதித்துவிட்டு அதை அணைத்திருப்பீர்கள், அப்படியே மூடியும் இருப்பீர்கள். ராத்திரி 11 மணிக்கு "அண்ணா, எல்லாம் செத்துப்போச்சு" என்று வரும் போனுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பக்கத் தகட்டைக் கழற்றி, சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அமுங்கி இருக்கிறதா பாருங்கள். வட்டம் என்றால் ஆஃப்.

அதுவும் சரியென்றால் கேபினட் பட்டனில் இருந்து போர்டுக்கு வரும் இரண்டு பின் ஒயர், பிறகு பிராசசர் 8 பின், பிறகு 24 பின் என்ற வரிசையில் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

ஆன் ஆகிவிட்டால், ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல், எல்லாத் தகடுகளும் மூடியபடி ஒரு மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அணையாமல், கருகல் வாடை இல்லாமல் ஓடினால் போதும்.

மிஞ்சிய கேபிள்களைத் தூக்கி மற்ற ஒயர் குவியலில் போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனைக்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே பின் வரிசை மாறும், ஆனால் கனெக்டர் அழகாக உள்ளே போய்விடும். அப்படி ஒருமுறை பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கேபிளைப் புதியதில் மாட்டி ஆன் செய்தேன். ஒரு நொடிதான். எஸ்எஸ்டியில் இருந்து நூல் மாதிரி புகை வந்தது, அதிலிருந்த குழந்தையின் மூன்று வருடப் போட்டோக்களும் அதோடு போயின. இப்போது மிஞ்சிய கேபிளை ஒரு ஜிப் கவரில் போட்டு, மாடல் பெயரை மார்க்கரில் எழுதி, பில்லோடு சேர்த்து எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.